மலைக்கண்

டெல்லி கவர்மென்ட் க்வார்ட்டர்ஸில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லாமலே புரியும். நமக்குத் தமிழ் காது வழியாக வந்தது. அம்மா எந்த ஜில்லாவோ அந்த ஜில்லாத் தமிழ். அம்மா வாயில் வராத சொல் உலகத்திலேயே இல்லாத சொல். எனக்குச் 'சாயங்காலம்' தெரியும். 'மாலை' என்றால் சாமி படத்துக்குப் போடுவது. அதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்று தெரிந்தபோது எனக்குப் பேரன் பிறந்திருந்தான். சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் இதே லட்சணம்தான். இதைப் படிக்க வராதவர்கள் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த ஒரு சொல் எங்களுக்குத் தெரியாமல் போனதில் எங்கள் சித்தப்பா எங்களை விட்டுப் போனார். அந்தக் குளிர்காலத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சித்தப்பா, அப்பாவுக்குக் கடைசித் தம்பி. எங்கள் ஊர் தென்காசிக்குப் பக்கம், குற்றால மலையின் அடிவாரத்தில். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் இவரை வளர்த்தார். அதனால் அப்பா முன்னால் சித்தப்பா உட்கார மாட்டார், சத்தமாகப் பேச மாட்டார். சினிமாவுக்குப் போகவேண்டும் என்றால்கூட அம்மாவிடம் சொல்லி, அம்மா அப்பாவிடம் சொல்லி, பதில் திரும்ப அம்மா வழியாக வரும். மெட்ராஸில் ஓவியம் படித்துவிட்டுச் சும்மா இருந்தவரை அப்பா டெல்லிக்கு வரவழைத்து, ஓர் ஆபீசர் வீட்டுக்கு நடையாய் நடந்து, அரசாங்க விளம்பர ஆபீஸ் ஒன்றில் போஸ்டர் வரையும் வேலையில் சேர்த்துவிட்டார். தற்காலிக வேலை. மெடிக்கலில் தேறினால் நிரந்தரம்.

மோதி பாகில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. பின் வராந்தாவில் சித்தப்பாவின் கயிற்றுக் கட்டில். கட்டிலுக்கு அடியில் கலர் பாட்டில்கள், ஆபீஸில் வேண்டாமென்று கழித்த ஹார்ட்போர்டு அட்டைகள். வாரம் பூராவும் டிராக்டர் ஓட்டும் விவசாயியையும் சிரிக்கிற குடும்பத்தையும் வரைவார். ஞாயிற்றுக்கிழமை மலையை வரைவார்.

அதுவும் வீட்டில் உட்கார்ந்து இல்லை. மலையே இல்லாத ஊரில் வெட்டவெளியில் உட்கார்ந்து மலையைப் பார்த்து வரைந்த ஆள் இவர் ஒருவராகத்தான் இருப்பார். சாணக்யபுரியைத் தாண்டி ரிட்ஜுக்கு என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு நடப்பார். ரிட்ஜை டெல்லிக்காரர்கள் மலை என்பார்கள். எங்கள் ஊர் ஆள் அதைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பான். முள்மரமும் பாறையும் குரங்கும்தான். அங்கே ஒரு பாறையில் மேற்கே பார்த்து உட்காருவார், ஏனென்றால் ஊரில் மலை மேற்கே இருக்கிறது. அட்டையை முழங்காலில் சாய்த்து வைப்பார். எதிரே கருவேல முள். அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பிரஷ்ஷை நனைத்து, பச்சை மலையை வரைவார்.

முதலில் மேகத்தைத்தான் போடுவார். எங்களுக்குப் பொறுமை இருக்காது. "மலை எங்க சித்தப்பா" என்று தங்கை நச்சரிப்பாள். "மேகம் எங்கன இல்லையோ அதான் பிள்ள மலை. கொஞ்சம் பொறு, அதுவா வரும்" என்பார். வந்துவிடும். ஈரமான பாறை, சாரல் விழுகிற நேரத்து வெயில், நடுவில் கோடு மாதிரி அருவி. மூக்குக்கு மழை வாசம் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, எனக்கு வந்தது. நான் அதுவரை அந்த மலையைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஒரு தடவை ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "க்யா பனா ரஹே ஹோ?" என்றார், என்ன வரைகிறாய் என்று.

"பஹாட்," என்றார் சித்தப்பா. அவருக்குத் தெரிந்த இந்தியில் மலை முதல் வார்த்தையாக இருந்திருக்கும்.

"கஹான் ஹை பஹாட்?"

சித்தப்பா பிரஷ்ஷை எதிரே நீட்டினார். அந்த மனிதரும் கண்ணை இடுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சித்தப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் இறங்கினால் ஒன்றும் தெரியாது. பகலிலும் நேர் எதிரே இருப்பதுதான் தெரியும், ஓரங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டு வந்தன. வெளியில் உட்கார்ந்து வரைந்ததும் அதனால்தான். எங்கள் வீட்டு அறைகளின் இருட்டில் அவருக்குப் பச்சையும் நீலமும் ஒன்றாகிவிடும். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மெடிக்கலில் கண்ணைச் சோதிப்பார்கள், வேலை போகும், அண்ணன் நடந்த நடையெல்லாம் வீண் என்று அவர் உள்ளுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார்.

வெயில் இருக்கும்போதே அவர் மூட்டை கட்டுவது எங்களுக்குப் பிடிக்காது. அன்றைக்கும் நாங்கள் கல்லை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அவர் பாட்டில் மூடிகளை விரலால் தடவித் தடவி மூட ஆரம்பித்துவிட்டார். தங்கை அழ ஆரம்பித்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் சித்தப்பா. ஜல்தி என்ன?"

"முடியாது பிள்ள. எனக்கு மாலைக்கண்ணு. வெளிச்சம் போயிட்டுன்னா ஒங்கள எப்பிடிக் கூட்டிட்டுப் போவேன்?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தொடர்ந்து, எங்களிடம் பேசுகிற மாதிரியே இல்லாமல், "அண்ணன்ட்ட சொல்லணும். எப்பிடிச் சொல்லன்னுதான் தெரியல" என்றார்.

"நான் சொல்லட்டா?" என்றாள் தங்கை. அவள் அப்பாவுக்குச் செல்லம்.

சித்தப்பா அவளையே பார்த்தார். அப்புறம் சிரித்தார். "சொல்லு. நீ சொன்னா அண்ணன் கோவப்பட மாட்டாவ."

இறங்கி வரும்போது அவள் என் காதில் இந்தியில் கேட்டாள், கண்ணில் எதற்கு அக்கா மாலை போடுவார்கள் என்று. எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் யோசித்தோம். எந்நேரமும் மலையையே வரைகிறவர் மலைக்கண் என்றுதான் சொல்லியிருப்பார், நமக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லை என்று அவள் முடிவு கட்டினாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. தமிழைத் திருத்திவிட்ட பெருமையில் வீடு வரைக்கும் குதித்துக்கொண்டே வந்தாள்.

அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். சித்தப்பா பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். தங்கை அப்பா முன்னால் போய், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல் நிமிர்ந்து நின்றாள். "அப்பா, சித்தப்பாக்கு மலைக்கண்ணாம். நீங்க கோவப்படக் கூடாதாம்."

அப்பா லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. அன்றைக்குப் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அம்மா சப்பாத்தியைத் திருப்பிப் போட்டபடி, "ஆமா, சரியாத்தான் சொல்லுதா. கண்ணைத் தொறந்தா மலை, மூடுனா மலை. மலைக்கண்ணு இல்லாம பின்ன என்ன" என்றாள்.

சித்தப்பா ஈரக்கையோடு வாசற்படிக்கு வந்து நின்றார். "சொல்லிட்டியா பிள்ள?"

"சொல்லிட்டேன்."

"சொல்லிட்டா, சொல்லிட்டா," என்றார் அப்பா. "இது என்னல பெரிய ரகசியம்? ஊருக்கே தெரிஞ்சதுதான. வா, வந்து சாப்பிடு."

சித்தப்பாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். நெஞ்சிலிருந்து ஒரு கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

மறுநாளிலிருந்து அவருக்கு வீட்டில் பெயர் மலைக்கண். அம்மா வாயில் அது மலைக்கண்ணர். "மலைக்கண்ணரே, பால் வாங்கிட்டு வந்திருங்க" என்று பொழுது சாயும்போது கையில் காலி பாட்டில்களைக் கொடுப்பாள். குளிர்காலம் வந்துவிட்டது. ஆபீஸ் விட்டு வருவதற்குள் இருட்டும் அங்கீட்டிக் கரியடுப்பு மூட்டுகிற புகையும் சேர்ந்து தெரு மூழ்கிப்போகும். முதல் நாள் அவர் பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு, அம்மா ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்பது போல நின்றார். அம்மா உள்ளே போய்விட்டாள். அவர் படியைக் காலால் துழாவி இறங்கினார். மதில் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்தார்.

சில நாளில் கதை மாறியது. தெருவிளக்கின் அடியில் கட்டில் போட்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பஞ்சாபி ஆன்ட்டி மேலேயே போய் விழுந்தார். பாட்டில்கள் உடைந்து பால் போயிற்று. ஆன்ட்டி எழுந்து வந்து எங்கள் வாசலில் நின்று, "பீ கே ஆயா ஹை" என்று ஊருக்கெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். குடித்துவிட்டு வந்திருக்கிறானாம். அம்மாவுக்கு இந்தி அரைகுறைதான், அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் சித்தப்பாவைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார். "ஊதுல."

சித்தப்பா அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தாரோ என்னவோ, அந்த மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அப்பா அவருக்கு எங்கே இருந்தார் என்று யார் கண்டது. "அண்ணே, ஒங்களுக்குத்தான் தெரியும்லா" என்றார்.

"தெரியும். அதான் ஊதச் சொல்லுதேன்."

ஊதினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். வேர்க்கடலை வாசம்தான் வந்தது. அப்பா திரும்பி அம்மாவிடம், "ஏதாவது மென்னு துப்பிட்டு வந்திருப்பான், விவரமான பய" என்றார். எங்கள் அப்பா நல்லவர். தம்பிக்காக உயிரை விடுவார். ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது.

ரிட்ஜுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. இப்போது அவர் எங்களோடு பேசுவது குறைந்துவிட்டது. படங்களும் மாறின. மலையைச் சுற்றி ஓரத்தில் கருப்பு அடித்தார். முதலில் விரல் அகலம். அடுத்த வாரம் இன்னும் உள்ளே வந்தது. ஏன் இந்தக் கருப்பு என்று கேட்டேன்.

"அங்கன அப்பிடித்தான் பிள்ள இருக்கு."

"மலையிலயா?"

"நெனப்புலயும் வர ஆரம்பிச்சிட்டு" என்றார்.

கடைசியாக வரைந்த படத்தில் மலை என் உள்ளங்கை அளவுக்குத்தான் இருந்தது. அருவி, சாரல், வெயில் எல்லாம் அதற்குள் இருந்தன, ஒன்றும் குறையவில்லை. சுற்றி அட்டை முழுக்கக் கருப்பு. எனக்குப் பயமாக இருந்தது. அதை நடுக்கூடத்தில் சாய்த்து வைத்தபோது அம்மா பார்த்துவிட்டு, "வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன தரித்திரம் இது, திருப்பி வைங்க" என்றாள். அவரே எழுந்து சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

டிசம்பர் வந்தால் இன்றைக்கும் நான் வெளிச்சம் இறங்குவதற்கு முன்பே வீட்டில் இருக்கிற எல்லா லைட்டையும் போட்டுவிடுவேன். அம்மாஜிக்குப் பேய் பயம் என்று மருமகள் பேரனிடம் சொல்வது காதில் விழும். பேய் பயம்தான். மதில் சுவரில் கை உரசுகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

குடிக்கிறவனுக்கு மருந்து கல்யாணம் என்று அப்பாவும் அம்மாவும் தீர்மானித்தார்கள். கரோல் பாகில் நம்ம ஊர்ப் பக்கத்துக் குடும்பம், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் வீடு. ஆபீஸ் முடிந்து சாயங்காலம் போவதாக ஏற்பாடு. சித்தப்பா முதல் தடவையாக அப்பாவிடம் நேரடியாக ஒன்று கேட்டார். "ஞாயித்துக்கெழம காலைல போலாமா அண்ணே?"

"ஞாயித்துக்கெழம ஒனக்கு மலை இருக்குல்லா," என்றார் அப்பா. வீட்டில் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

நாங்கள் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பெண் தட்டில் காபி கொண்டுவந்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்து, சித்தப்பா முன்னால் நின்றாள். அவர் கையை நீட்டவில்லை. நேரே பார்த்தபடி சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். பெண் நின்றுகொண்டே இருந்தாள். "எடுத்துக்கோங்க" என்று யாரோ சொன்னார்கள். அவர் சட்டென்று கையை வீசினார். தட்டு கவிழ்ந்து கொதிக்கிற காபி அந்தப் பெண்ணின் கையில் கொட்டியது. அவள் கத்தினாள். அவர் பதறி எழுந்தார், கால் பலகாரத் தட்டில் இறங்கியது. அந்தப் பெண்ணின் அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "பொண்ணு பாக்க வரும்போதாவது குடிக்காம வந்திருக்கலாம்" என்றார்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா தங்கையை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். சித்தப்பா அந்த வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவரைக் கூட்டிவரச் சொல்லி அம்மா என்னைத் திருப்பி அனுப்பினாள். கையைப் பிடித்தேன். ஐஸாக இருந்தது.

"அண்ணன் திரும்பிப் பாத்தாவளா பிள்ள?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் பஸ் ஸ்டாப் வரைக்கும் என் கையை விடவில்லை.

அந்த வாரமே மெட்ராஸ் வண்டியில் ஊருக்குப் போய்விட்டார். மெடிக்கலுக்குப் போகவே இல்லை. அட்டைகளை விட்டுவிட்டுப் போனார். கோடையில் கூலர் வைக்கிற ஜன்னலின் இடுக்கை அடைக்க அம்மா அவற்றை வெட்டி ஆணி அடித்தாள். மழை ஈரத்தில் ஊறி உப்பி, அப்புறம் என்ன ஆயிற்றோ. அந்த க்வார்ட்டர்ஸே இப்போது இல்லை.

சில வருஷம் கழித்து ஊரிலிருந்து வந்த ஒருவர், சித்தப்பாவுக்கு இரண்டு கண்ணும் சுத்தமாகப் போய்விட்டது என்றார். "குடிச்ச குடி அப்பிடி" என்றாள் அம்மா. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அப்புறம் சித்தப்பா பேச்சை யாரும் எடுக்கவில்லை. அப்பா காலமானபோது ஊருக்கு ஆள் சொல்லி அனுப்பினோம். சித்தப்பா வரவில்லை. அம்மா போனபோதும் வரவில்லை.

நான் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பேரனோடு உட்கார்ந்து. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குத் தென்காசிப் பக்கம் போனேன். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் கண்ணைப் பற்றி ஏதோ எழுதியிருந்தது. எனக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மா, லை, க், க, ண். வெயிலில் நின்றேன். கூட வந்த உறவுக்காரப் பெண்ணிடம் அது என்ன என்று கேட்டேன். "பொழுது சாஞ்சா கண்ணு தெரியாதுல்லா அத்தை, அந்த வியாதி" என்றாள். கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சித்தப்பாவைத் தேடிப் போனேன்.

தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டு மாடியறையில் இருந்தார். ஜன்னல் முழுக்க மலை. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினார். "யாரு?" நான் சொன்னதும், "பெரியவளா, சின்னவளா?" என்றார்.

பெரியவள் என்றேன். நலம் விசாரித்தார். ரொம்ப மரியாதையாக, வேற்றாளிடம் பேசுவது போலப் பேசினார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஏன் சித்தப்பா எங்களை அப்படியே விட்டுட்டீங்க என்று கேட்டுவிட்டேன்.

"நானா விட்டேன்?" என்றார். கோபம் இல்லை. "கண்ணு போவுதுன்னு சொன்னவன ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போல. சரி, அது போட்டும். மாலைக்கண்ண மலைக்கண்ணுன்னு திரிச்சுப் பேரு வச்சுச் சிரிச்சீய. இருட்டுல பாலுக்கு அனுப்புனீய. தெரிஞ்சுகிட்டே ஒருத்தன அப்பிடிச் செய்வாவளா பிள்ள?"

நான் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பிள்ளைகளுக்கு மாலை என்றால் பூ மட்டும்தான் என்று. தங்கை என்ன சொன்னாள் என்று. அப்பா எதை ரகசியம் இல்லை என்று சொன்னார் என்று. பாதியில் அவர் கை என் தலையைத் தேடி வந்து நின்றுகொண்டது.

"அண்ணனுக்குத் தெரியாதா?"

"தெரியாது சித்தப்பா."

"மதினிக்கு?"

"யாருக்கும் தெரியாது."

கீழே யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. "நான் அண்ணனக் கடைசியாப் பாக்கக்கூட வரலையே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தக் காலத்தில் அம்மாவிடம் சொல்லி அனுப்புவாரே, அதே மாதிரி கேட்டார்.

"கடைசில என்னப் பத்தி எதும் கேட்டாவளா?"

கேட்டார். ஆஸ்பத்திரியில் நினைவு தப்புவதற்கு முந்தின நாள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பய குடிய விட்டுட்டானாட்டி?" என்று கேட்டார்.

"கேட்டாங்க சித்தப்பா. தம்பி நல்லா இருக்கானான்னு கேட்டாங்க."

அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் என் பக்கம் திருப்பினார்.

"அவ்வளவுதான் கேட்டாவளா?"

"அவ்வளவுதான்," என்றேன்.